இடையில் வந்த இசைத்தட்டு



ஒருவர் வாசித்த மேடையில் மற்றொருவர் வந்து வாசிக்கத் தொடங்கினால், கேட்போர் இரண்டு கட்சியாகப் பிரிவது இசையுலகில் என்றும் உள்ள வழக்கம். பின்வந்தவர் எத்துணை நன்றாக வாசித்தாலும், முன்னவர் இருந்திருந்தால் இவ்விடத்தை எப்படிக் கையாண்டிருப்பார் என்று ஒரு கட்சி கேட்டுக்கொண்டே இருக்கும். அமெரிக்க இசை இரசிகரிடையே அத்தகைய வழக்கு ஒன்று 1995ஆம் ஆண்டிலே தொடங்கியது. முப்பது ஆண்டுகள் ஆகியும் அது தீர்ந்தபாடில்லை. வழக்கின் பொருள் ஓர் இசைத்தட்டு. அதன் பெயர் ‘வன் ஹொட் மினிற்’. அதனை வெளியிட்டவர்கள் ‘றெட் ஹொட் சில்லி பெப்பேர்ஸ்’ என்னும் குழுவினர். காரச் செம்மிளகாய் என்று தமிழாக்கிக்கொள்ளலாம். பெயரிலுள்ள காரம் அவர்களுடைய மேடையிலும் இருந்தது என்பதை அவர்களைப் பிடிக்காதவர்களும் ஒப்புக்கொள்வர்.

வழக்கிற்குள் நுழையுமுன் அவர்களுடைய சங்கீதத்தைப் பற்றிச் சில சொற்கள் கூறவேண்டியிருக்கிறது. மேல்நாட்டிலே ‘ஃபங்க்’ எனப்படுவது 1960களில் அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே உருவான ஒரு நடை. அதனை உருவாக்கியவருள் முதன்மையானவர் ஜேம்ஸ் பிரவுண் என்னும் பாடகரும் அவருடைய வாத்தியக்காரருமாவர். தாள வட்டத்தின் முதலடியிலே பாரத்தையெல்லாம் ஏற்றிவிட்டு, ஏனைய அடிகளிற் சிறு சிறு வெட்டுக்களாக வாசிப்பது அதன் முறை. கிற்றார், ஊதுகுழல், பேஸ் எல்லாமே அங்கே ஓரளவு தாள வாத்தியங்களாகிவிடுகின்றன. தவில் கேட்டுப் பழகிய செவிக்கு இது முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது. ஆயின் ஒன்றை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். ஃபங்க் நடையில் வாசிக்கும் இடத்தைப் போலவே வாசியாது விடும் இடமும் முக்கியமானது. ஒருவர் விட்ட இடைவெளியில் மற்றவர் நுழைகிறார். அந்த நுழைவிலேதான் கேட்பவருடைய காலும் தோளும் தாமாகவே அசைகின்றன. றொக் இசையின் இயல்போ வேறு. மின்சாரக் கிற்றாரின் ஒலியைப் பெருக்கி, இடைவெளிகளை நிரப்பி, அலைமேல் அலையாக எழுப்புவது அதன் வழி. இவ்விரண்டையும் ஒரு மேடையிலே சேர்க்க முயல்பவர், எங்கே நிரப்புவது, எங்கே விடுவது என்னும் கேள்விக்கு ஒவ்வொரு பாட்டிலும் விடைகாண வேண்டியவராகிறார். பின்னர் வழக்காக மூண்டது இந்தக் கேள்வியே.

லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து ஃபெயர்ஃபக்ஸ் உயர்தரப் பாடசாலையில் ஒன்றாகப் படித்த நண்பர்கள் 1980களின் தொடக்கத்தில் இக்குழுவை அமைத்தனர். அந்தனி கீடிஸ் பாடகர். மெல்போர்ணிற் பிறந்து சிறுவயதிலே அமெரிக்காவிற்கு வந்த மைக்கல் பல்சாரி பேஸ் கிற்றார் வாசித்தார். அவரை உலகம் அறிவது ‘ஃபிளீ’ என்ற பெயரால். தெள்ளு என்று பொருள். மேடையில் அவர் துள்ளுவதைப் பார்த்தவர்கள் அப்பெயர் பொருத்தமானதென்பர். கிற்றார்க்காரர் ஹிலெல் சுலோவாக். டிறம் வாசித்தவர் ஜக் அயன்ஸ். இவர்களுடைய இரண்டாவது இசைத்தட்டை 1985இல் நெறிப்படுத்தியவர் ஃபங்க் உலகின் மூதறிஞர்களுள் ஒருவரான ஜோர்ஜ் கிளின்ரன் என்றால், நடையைக் குருவிடமே கேட்டுப் பயின்றார்கள் எனலாம்.

1988ஆம் ஆண்டு ஜூன் மாதம் சுலோவாக் ஹெரோயின் என்னும் போதைமருந்தினால் இறந்தார். வயது 26. துயரம் தாங்காமல் அயன்ஸ் விலகிக்கொண்டார். அவ்விடங்களுக்கு வந்தவர்கள் இருவர். சாட் சிமித் டிறம் வாசிக்க வந்தார். கிற்றார் வாசிக்க ஜோன் ஃபுறூஷான்ரே வந்தபோது அவருக்கு வயது 18. குழுவின் பரம இரசிகராயிருந்து குழுவுக்குள்ளேயே வந்து சேர்ந்தவர் அவர். 1991 செப்ரெம்பரில் இந்நால்வரும் வெளியிட்ட ‘பிளட் சுகர் செக்ஸ் மஜிக்’ அவர்களை உலகறியச் செய்தது. லோறல் கன்யன் என்னும் மலைப்பாங்கான இடத்திலே ஒரு பழைய மாளிகையில் அதனை ஒலிப்பதிவு செய்தனர். நெறியாளர் றிக் றூபின். அத்தட்டிலே கிற்றாரின் வேலையை உற்றுக் கேட்டால், ஃபுறூஷான்ரே எத்துணை குறைவாக வாசிக்கிறார் என்பது வியப்பைத் தரும். ஃபிளீயின் பேஸ் பேசட்டும் என்று விட்டுவிட்டு, வேண்டிய இடத்தில் இரண்டு கீற்று, அவ்வளவே. ‘அண்டர் த பிறிட்ஜ்’ என்ற பாட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் இரண்டாமிடத்துக்கு ஏறியது. புகழ் ஏற ஏற ஃபுறூஷான்ரேக்கு அது பொறுக்கவில்லை. 1992 மே மாதம், ஜப்பான் பிரயாணத்தின் நடுவிலே, விலகிவிட்டார்.

அவ்விடத்துக்கு இருவர் வந்து, நிலைத்து நில்லாமற் போயினர். 1993இல் டேவ் நவாறோ வந்தார். ‘ஜேன்ஸ் அடிக்ஷன்’ என்னும் லொஸ் ஏஞ்சல்ஸ் குழுவிற் புகழ்பெற்றவர்; ஆதலின் புதியவர் என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் வளர்ந்த இசை வேறு. கனத்த, அடுக்கடுக்கான, சற்றே இருண்ட ஒலி அவருடையது. குழுவோடு அவர் ஏறிய முதற் பெருமேடை 1994 ஆகஸ்ற் மாதத்து வுட்ஸ்ரொக் விழா. நால்வரும் தலையிலே பிரமாண்டமான மின்குமிழ்களை மாட்டிக்கொண்டு தோன்றினர். புதிதாக வந்த சம்பந்தியை முதல் நாளே இவ்வளவு சோதித்திருக்க வேண்டாம்.

‘வன் ஹொட் மினிற்’ 1995 செப்ரெம்பர் 12ஆந் திகதி வெளிவந்தது. பதின்மூன்று பாட்டுக்கள், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. பட்டியலில் நான்காமிடம் வரை ஏறியது. அமெரிக்காவில் இருபது இலட்சம் பிரதிகளுக்கான சான்று பெற்றது. வேறொரு குழுவுக்கு இது கொண்டாட்டமாயிருக்கும். முந்தியது எழுபது இலட்சத்துக்கான சான்று பெற்றதாகையால், இது தோல்வி என்று பேசப்பட்டது.

இனி இரசிகரின் வாதங்களைக் கேட்கலாம்.

குறை கூறுவோர் முதலிற் சொல்வது, இடைவெளி போய்விட்டது என்பது. ஃபிளீ விட்ட இடமெல்லாம் நவாறோவின் கிற்றார் வந்து அடைத்துக்கொள்கிறது. நான்கு பேர் பேசிக்கொண்டிருந்த அறையில் ஒருவர் ஓயாமற் பேசுவது போல் இருக்கிறது என்பர். இரண்டாவது, விளையாட்டுத்தனம் போய்விட்டது; பாட்டுக்கள் நோயாளியின் குரலில் ஒலிக்கின்றன. மூன்றாவது, நீளம், வேண்டிய அளவைத் தாண்டிப் பாட்டுக்கள் இழுபடுகின்றன.

முதல் வாதத்தில் உண்மையில்லை என்று யாரும் சொல்ல முடியாது. தட்டின் பெயரைத் தாங்கிய பாட்டிலே கிற்றாரும் பேஸும் ஒன்றையொன்று கேளாமல் தத்தம் வழியே போகும் இடங்கள் உண்டு. ஆனால் அதே தட்டில் ‘வோக்கபௌட்’ என்றொரு பாட்டு இருக்கிறது. நவாறோ அங்கே கையைச் சுருக்கிக்கொண்டு மெல்ல வெட்டி வாசிக்க, பேஸ் நிதானமாக உலாவுகிறது. ‘ஏறோப்பிளேன்’ பாட்டிலும் அப்படியே. கடைசியிலே ஃபிளீயின் மகளும் அவளுடைய பாடசாலைப் பிள்ளைகளும் சேர்ந்து பாடுவது அத்தட்டில் எஞ்சியிருந்த விளையாட்டுத்தனத்துக்குச் சாட்சி. நவாறோவுக்கு இடம் விடத் தெரியாது என்பவர்கள் இவ்விரண்டையும் மறுமுறை கேட்பது நன்று. அவருக்குத் தெரிந்திருந்தது. மற்றப் பாட்டுக்களில் அவர் வேறொன்றைச் செய்ய விரும்பினார். ‘வாப்ட்’ என்னும் முதற்பாட்டிற் கிற்றார் ஒலி சுவர்போல எழுந்து மூச்சை அடைக்கிறது. பாட்டின் பொருளும் அதுவே. விட்டுவிட்ட போதை மறுபடி ஒருவனைப் பிடித்துக்கொள்வதைப் பாடும் பாட்டுக்குக் காற்றோட்டமான இசை எப்படிப் பொருந்தும்?

நீளத்தைப் பற்றிய வாதம் சற்று விநோதமானது. எல்லாரும் போற்றும் முந்திய தட்டிலே பதினேழு பாட்டுக்கள், ஏறத்தாழ 74 நிமிடங்கள். அதனை நீளம் என்று எவரும் குறை கூறவில்லை. பிடித்தவருடைய பேச்சு நேரம் போவதே தெரியாமற் கழிகிறது. பிடியாதவர் வாய் திறக்குமுன்னே கடிகாரத்தைப் பார்க்கிறோம்.

விளையாட்டுத்தனம் போயிற்று என்ற குறையோ வேறுவகையானது. அதனை ஆராயப் புகுந்தால் அந்நால்வரும் அப்போது எந்நிலையில் இருந்தனர் என்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. சுலோவாக்கின் மரணத்துக்குப் பின் போதையை விட்டு ஐந்தாண்டுகளுக்கு மேல் உறுதியாயிருந்தவர் கீடிஸ். 1994இற் பல் வைத்தியரிடம் போனபோது கொடுக்கப்பட்ட மயக்க மருந்து பழைய பசியைத் தட்டி எழுப்பிவிட்டது. பின்னர் வெளியிட்ட தன்வரலாற்றிலே அவரே இதனை மறைக்காமல் எழுதியிருக்கிறார். பாடகர் வரி எழுத இயலாமல் இருந்தார்; ஒலிப்பதிவு தள்ளித் தள்ளிப் போயிற்று. அந்த இடத்தை ஓரளவு ஃபிளீ தாங்கினார். ‘பீ’ என்ற சிறு பாட்டு முழுவதும் அவருடையது. பேஸ் ஒன்று, குரல் ஒன்று, வேறெதுவும் இல்லை. பலசாலிகளின் முரட்டுத்தனத்தைக் கண்டு வெகுண்ட ஒரு சிறிய மனிதனின் பாட்டு அது. அதிலுள்ள சில சொற்கள் வானொலியிற் சொல்லத் தகாதவை என்பது வேறு விஷயம்.

மரணங்களும் அடுத்தடுத்து வந்தன. ஃபிளீயின் உயிர்த்தோழராகிய நடிகர் றிவர் ஃபீனிக்ஸ் 1993 ஒக்ரோபர் 31ஆந் திகதி, 23 வயதில், லொஸ் ஏஞ்சல்ஸில் ஓர் இரவுவிடுதியின் வாசலிலே மயங்கி விழுந்து இறந்தார். 1994 ஏப்பிரலில் ‘நிர்வானா’ குழுவின் கேர்ட் கொபேன் தம்முயிரைத் தாமே போக்கிக்கொண்டார். ‘டியர்ஜேர்க்கர்’ கொபேனை எண்ணியது. கடைசிப் பாட்டாகிய ‘ட்ரான்ஸெண்டிங்’ ஃபீனிக்ஸை எண்ணியது, வரிகள் ஃபிளீயினுடையவை. மெல்லத் தொடங்கி, அன்போடு நடந்து, முடிவிற் கட்டுக்கடங்காத கோபமாக வெடிக்கிறது அது. அழுகைப்பாட்டு என்றால் அழுகையிலேயே முடியவேண்டும் என்று எதிர்பார்ப்பவருக்கு அந்த முடிவு பிடிப்பதில்லை. செத்த வீட்டிலே இருந்தவர்களுக்கோ அது தெரிந்த ஒன்று. ஒப்பாரிக்கு நடுவில் ஒருவர் எழுந்து, போனவனையே ஏசுவதை எத்தனை வீடுகளிற் கேட்டிருக்கிறோம்! புதிதாக வந்த நவாறோவுக்கும் துக்கம் புதிதன்று. பதினைந்து வயதிலே, 1983இல், தம் தாயைக் கொலைக்குப் பறிகொடுத்தவர் அவர்.

இப்படியொரு வீட்டில் ஏன் சிரிப்பொலி கேட்கவில்லை என்று கேட்பதை விமரிசனம் என்று சொல்லுவதற்கில்லை. துக்கத்தைச் சொல்லும் தட்டு எல்லாம் நல்ல தட்டு என்பதும் இதன் கருத்தன்று. துக்கம் பெரிதாயிருந்தும் பாட்டு சிறுத்துப்போவதுண்டு. இந்தத் தட்டிலேயே இரண்டு மூன்று பாட்டுக்கள் அவ்வாறு மறந்துபோகும் தரத்தன. ஆனால் ‘மை ஃபிறெண்ட்ஸ்’, ‘டியர்ஜேர்க்கர்’, ‘ட்ரான்ஸெண்டிங்’ ஆகியவை வேறெந்த நால்வரும் சேர்ந்து செய்திருக்கக்கூடியவை அல்ல. குறிப்பாக ‘மை ஃபிறெண்ட்ஸ்’ அந்நாளில் அமெரிக்காவின் புதிய றொக் ஒலிபரப்புப் பட்டியலில் முதலிடம் பெற்றது. 2003இல் குழுவினர் தமது சிறந்த பாட்டுக்களைத் திரட்டியபோது இத்தட்டிலிருந்து சேர்த்துக்கொண்டதும் அந்த ஒன்றையே.

குறை கூறுவோரின் வாதத்துக்கு அடியில் ஒரு கனவு இருக்கிறது. ஃபுறூஷான்ரே விலகாதிருந்தால் 1995இலும் ‘பிளட் சுகர்’ போன்ற மற்றொரு தட்டு கிடைத்திருக்கும் என்பது அக்கனவு. அவர் விலகியபின் என்ன நேர்ந்தது என்பதை அறிந்தவர் அதை நம்பமாட்டார். ஹெரோயினில் மூழ்கி, உடல் தேய்ந்து, பல் விழுந்து, உயிர் போகும் தறுவாய்க்கு வந்தவர் அவர். 1998 தொடக்கத்திலேதான் சிகிச்சைக்குச் சேர்ந்து மீண்டார். ஆகவே நவாறோவின் தட்டைத் தராசின் ஒரு தட்டில் வைத்தால், மறு தட்டிலே வைக்க ஒன்றுமில்லை. இருந்திருக்கக்கூடாத ஓர் இசைத்தட்டோடு இருக்கிற ஒன்றை ஒப்பிட்டு, இருக்கிறதைத் தாழ்ந்ததென்று தீர்ப்புச் சொன்னார்கள். அன்றியும், நெறியாளர் றூபின் மாறவில்லை, பேஸும் டிறமும் மாறவில்லை, மாறியது கிற்றார்க்காரர் ஒருவரே, ஆதலாற் பழி அவருடையதே என்று கணக்குப் போட்டவர்கள், கீடிஸும் அன்று பழைய கீடிஸாக இல்லை என்பதைக் கணக்கிற் சேர்க்கவில்லை.

1998இல் நவாறோ குழுவை விட்டுப் போனார். ஃபுறூஷான்ரே திரும்பினார். 1999 ஜூனில் வந்த ‘கலிபோர்னிக்கேஷன்’ உலகெங்கும் ஒரு கோடிக்கு மேல் விற்பனையாயிற்று. வழக்கு அத்தோடு முடிந்துவிட்டதென்றே பலரும் எண்ணினர். திரும்பி வந்தவரின் வெற்றி இடையில் இருந்தவரின் குற்றத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளப்பட்டது. குழுவினரும் மேடையில் அத்தட்டின் பாட்டுக்களை ஏறக்குறைய விட்டுவிட்டனர். ஃபிளீ தனியே எப்போதாவது ‘பீ’யை வாசிப்பார், அதற்குக் கிற்றார் தேவையில்லையல்லவா!

2012இல் நேர்ந்தது இரசிகரை மறுபடி இரண்டாகப் பிரித்தது. அமெரிக்காவில் றொக் இசைக்கென ஒரு புகழ் மண்டபம் உண்டு. அவ்வாண்டு இக்குழு அதிற் சேர்க்கப்பட்டது. நால்வரோடு, இறந்துபோன சுலோவாக், விலகிய அயன்ஸ், தொடக்ககாலத் தட்டுக்களில் டிறம் வாசித்த கிளிஃப் மாட்டினெஸ், 2009இல் ஃபுறூஷான்ரே இரண்டாம் முறை விலகியபின் வந்த ஜொஷ் கிளிங்ஹொஃபர் ஆகியோர் பெயர்களும் பட்டியலில் இடம்பெற்றன. நவாறோவின் பெயர் இல்லை. 1984இல் வந்த முதற்றட்டிலே கிற்றார் வாசித்த ஜக் ஷேர்மனின் பெயரும் இல்லை. கிளிங்ஹொஃபர் அன்றுவரை குழுவோடு வெளியிட்டது ஒரேயொரு தட்டு. நவாறோ வெளியிட்டதும் ஒன்றே. ஒன்றுக்கு மண்டபம் திறந்தது, மற்றதற்கு மூடியது ஏன் என்று நவாறோ கட்சியார் கேட்டனர். அப்போது குழுவிலே இருந்தவர் என்பது மறுமொழி. ஒரு மறுமொழி என்ற அளவில் அது சரியே. நியாயம் என்ற அளவில் அதனை ஏற்பது கடினம். இருபது இலட்சம் பேர் விலைகொடுத்து வாங்கிய ஓர் ஆவணத்தின் மேலிருந்து ஒருவர் கையொப்பத்தை அழிக்க ஒரு பட்டியலால் முடியாது.

பிற்காலத்தில் காற்று சற்றுத் திரும்பியது. கிளிங்ஹொஃபர் குழுவிலிருந்தபோது, 2016, 2017ஆம் ஆண்டுகளின் பிரயாணத்தில், ‘ஏறோப்பிளேன்’ மறுபடி மேடையேறியது. முன்வரிசையில் நின்று ஆர்ப்பரித்தவர்களுட் பலர் அத்தட்டு வெளிவந்த ஆண்டிற் பிறந்திராதவர்கள். அவர்களுக்கு ‘முன்னிருந்தவர்’ என்ற நினைவு இல்லை. முந்தியதும் பிந்தியதும் இடையில் வந்ததும் அவர்கள் கைக்கு ஒரே நாளிற் கிடைத்தவை. எதை முதலிற் கேட்டார்களோ அதுவே அவர்களுக்கு அளவுகோல். ‘வன் ஹொட் மினிற்’ தட்டை அவர்களுட் சிலர் முதலிடத்தில் வைக்கின்றனர். பழைய இரசிகருக்கு இது அபசாரமாகப் படுகிறது.

2019 டிசெம்பரில் கிளிங்ஹொஃபர் விலக்கப்பட்டார். ஃபுறூஷான்ரே மூன்றாம் முறையாக வந்து சேர்ந்தார். 2022இல் அவரோடு இரண்டு புதிய தட்டுக்கள் வெளிவந்தன. கிளிங்ஹொஃபர் பத்தாண்டுகளில் வாசித்துக் கொடுத்த ‘ஐ’ம் வித் யூ’, ‘த கெற்றவே’ என்னும் இரண்டு தட்டுக்களையும் பற்றி இப்போது இரசிகர்கள் வழக்காடுகிறார்கள். ஒரு கட்சி, இடைவெளி போதாது என்கிறது.